"புதுசா எந்த மாத்திரையும் இல்லையே, டாக்டர்"

அப்பாவுக்கு அரிப்பு தொடங்கியபோது வயது 77. தடிப்போ சிவப்போ கிடையாது, வெறும் அரிப்பு. பகலில் பேச்சுக்கு நடுவே கணுக்காலைத் தேய்த்துக்கொள்வார். இரவில் பக்கத்து அறையிலிருந்து சரக், சரக்கென்று சத்தம் வரும். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி வரும். "என்னப்பா?" என்று கேட்டால், "வயசான தோலும்மா, காஞ்சுபோச்சு" என்பார். முதலில் பார்த்த மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

அவர் சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன். வயதானவர்களின் அரிப்புக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது வறட்சியைத்தான். கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதீர்கள், சோப்பைக் குறையுங்கள், உடம்பு முழுசாகக் காய்வதற்குள் கெட்டியான ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள் என்றார். தடவினோம். மூன்று வாரத்தில் கால் மினுமினுவென்று ஆனது. அரிப்பு மட்டும் துளியும் குறையவில்லை. அப்போதே திரும்பிப் போய், "நீங்கள் சொன்னதை ஒழுங்காகச் செய்தோம், பலனில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் செய்தது வேறு களிம்பு வாங்கியதுதான்.

இரண்டாம் மாதத்தில் கைகளில் தடிப்பு வந்தது. சிவந்து, கொஞ்சம் மேடாக, பூச்சி கடித்த மாதிரி. சில இடங்களில் வளையம் போல. உள்ளங்கை அளவுக்குப் படர்ந்து, இரண்டு மூன்று நாளில் மங்கி, வேறு இடத்தில் கிளம்பும். நான் பார்த்தது கையையும் காலையும் மட்டும்தான். அப்பா என் முன்னால் சட்டையைக் கழற்றமாட்டார். ஊரிலிருந்து தம்பி வந்து, குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முதுகு தேய்த்துவிட்டபோதுதான் தெரிந்தது: முதுகு, இடுப்பு, தொடையின் உள்பக்கம் எல்லாம் நகக்கீறலும் தடிப்புமாக இருந்தது. "அக்கா, நீ இதைப் பார்க்கலையா?" என்றான். மருத்துவரிடமும் அப்பா முழங்கைக்கு மேல் சட்டையைத் தூக்கியதில்லை. இரண்டு மாதமாக உடம்பில் பத்தில் ஒரு பங்கைக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். வயதானவர்களின் முதுகை யாராவது ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அவர்களாலும் அதைப் பார்க்க முடியாது, கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை.

தூக்கம் கெடுகிறதே என்று ஹைட்ராக்சிசின் மாத்திரை தரப்பட்டது. அரிப்பு கொஞ்சம் மட்டுப்பட்டது உண்மை. ஆனால் நான்காம் நாள் விடிகாலை அப்பா கழிப்பறை வாசலில் நிலைதடுமாறி விழுந்தார். எலும்பு முறியவில்லை, நெற்றியில் இரண்டு தையலோடு போயிற்று. தூக்கம் வரவழைக்கும் பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களுக்குக் குழப்பம், சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல், விழுதல் என்று எல்லாவற்றையும் கூட்டிவரக்கூடியவை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவை பல வருடங்களாக இருக்கின்றன. இதெல்லாம் தையல் போட்ட பிறகு நான் தெரிந்துகொண்டது.

அடுத்து சொறிப்பூச்சி என்றார்கள். சந்தேகம் நியாயமானதுதான். இரவில் கூடும் அரிப்பு என்றால் அதை நினைக்கத்தான் வேண்டும். முதியவர்களுக்கு விரலிடுக்கில் தெரியாமல் முதுகில் மட்டும் தெரிவதும் உண்டு. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை இரவு முழுக்கப் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசினோம். வீட்டில் எல்லோரும் பூசினோம், துணிமணியெல்லாம் வெந்நீரில் துவைத்தோம். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை அரிப்பு நீடிக்கலாம் என்பதால் காத்திருந்தோம். ஆறு வாரம் ஆயிற்று. வீட்டில் வேறு யாருக்கும் ஒரு அரிப்பும் வந்ததில்லை என்பதை அப்போதாவது யோசித்திருக்கலாம்.

பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பு. நான்கு நாளில் மாயம் போல அடங்கியது. நிறுத்திய பத்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பியது. டியூபின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றும் ஒரே குழாயில். எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யட்டும் என்ற கணக்கு. இதில் ஆபத்து என்னவென்றால், படர்தாமரையின் மேல் ஸ்டீராய்டு விழுந்தால் அதன் வளைய உருவமே கலைந்து, பார்க்கிற மருத்துவருக்கு அது படர்தாமரை என்றே தெரியாமல் போய்விடும். அப்பாவுக்கு இருந்தது பூஞ்சை இல்லை. ஆனால் அடுத்து வந்த மருத்துவர் அதை உறுதிசெய்யத் தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு முன் களிம்பை நிறுத்திக் காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு 14 சதவீதம். வழக்கமாக 6-ஐத் தாண்டாது. அலர்ஜியில் கூடும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவும் கூடியிருந்தது. "அலர்ஜி" என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். உடனே சாப்பாட்டில் கத்தரிக்கத் தொடங்கினோம். உறவினர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தள்ளச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அப்பா நான்கு கிலோ இளைத்தார். தடிப்பு இளைக்கவில்லை. எழுபது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி மாதக்கணக்கில் நிற்கும் தடிப்புக்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொன்னபோது, அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

ஆறாம் மாதம் முதல் பயாப்சி. முழங்கைக்குக் கீழே, நன்றாகச் சொறிந்து புண்ணாகியிருந்த இடத்தில், 4 மில்லிமீட்டர் வட்டமாக ஒரு துண்டு எடுத்தார்கள். அறிக்கை ஒரு பக்கம். கடைசி வரிக்கு முந்தின வரி: "குறிப்பிட்ட நோயைச் சுட்டும் மாற்றங்கள் இல்லை. ஈசினோஃபில்கள் காணப்படுகின்றன. மருந்தின் எதிர்விளைவையும் கருதலாம்." மருத்துவர் கேட்டார், "சமீபத்துல புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?"

"புதுசா எந்த மாத்திரையும் இல்லையே, டாக்டர்." சொன்னது நான்தான். பொய் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னேன்.

ஒன்பதாம் மாதத்தில் வேறொரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் தடிப்பைப் பார்ப்பதற்கு முன் மருந்துகளைக் கேட்டார். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தேன். "இது போதாது. ஒவ்வொண்ணும் எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு வேணும். கண் சொட்டு மருந்து, மலச்சிக்கல் மருந்து, சத்து மாத்திரை, வலிக்கு எப்பவாவது போடறது எல்லாமே. பழைய சீட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். அப்பா எதையும் தூக்கிப்போடாதவர். அந்தப் பழக்கத்துக்காக அவரோடு நான் போட்ட சண்டைகள் எத்தனையோ. அந்த வாரம் பழைய தகரப் பெட்டியிலிருந்து நான்கு வருடத்துச் சீட்டுகள் வெளியே வந்தன.

தரையில் பரப்பிவைத்துத் தேதி வாரியாக அடுக்கினோம். அரிப்பு தொடங்குவதற்கு 5 மாதம் முன்னால் ஒரு சீட்டு. அதில் அவருடைய பழைய சர்க்கரை மாத்திரையின் பெயருக்குப் பின்னால் சின்னதாக ஓர் எழுத்து ஒட்டியிருந்தது. அதுவரை வெறும் மெட்ஃபார்மின். அன்றிலிருந்து மெட்ஃபார்மினும் வில்டாகிளிப்டினும் சேர்ந்த கூட்டு மாத்திரை. அட்டையின் நிறமும் கம்பெனியும் அதேதான், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்பதும் அதேதான். எங்கள் வீட்டில் அதன் பெயர் எப்போதும் "சர்க்கரை மாத்திரை". பத்து வருடமாக இருப்பது எப்படிப் புதுசாகும்?

மருந்தால் வரும் தடிப்பு என்றால் மாத்திரை போட்ட மறுநாளே வரும் என்று நினைத்திருந்தேன். வழக்கமான மருந்துத் தடிப்பு ஓரிரு வாரத்தில் வருவது உண்மைதான். ஆனால் சில மருந்துகளின் விளைவு மாதங்கள் கழித்தும், சமயத்தில் வருடம் கடந்தும் தலைகாட்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் கால்சியம் சேனல் மாத்திரைகளும் தயாசைடு வகை நீர் மாத்திரைகளும் முதியவர்களுக்கு எக்சிமா போன்ற தடிப்பை இப்படித் தாமதமாகக் கொண்டுவரலாம். கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் வேறொன்றைக் கொண்டுவரலாம். அதன் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டோம்: புல்லஸ் பெம்பிகாய்ட்.

அது கொப்புள நோய். அப்பாவின் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நான் அதைச் சொன்னேன். மருத்துவர் சிரித்தார். "பல பேருக்குக் கொப்புளம் கடைசியிலதான் வரும். அதுக்கு முன்னாடி வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல, வெறும் அரிப்பும் தடிப்பும்தான். சிலருக்குக் கொப்புளமே வராது" என்றார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மேல்தோல் ஒரு விரிப்பு, உள்தோல் ஒரு தரை, இரண்டையும் பிடித்து வைத்திருப்பது பசை. அந்தப் பசையில் உள்ள பிபி180, பிபி230 என்ற புரதங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. பசை விட்ட இடத்தில் நீர் சேர்ந்தால் கொப்புளம். விரிப்பு முழு கனத்தோடு மேலே கிளம்புவதால் கொப்புளம் விம்மி நிற்கும், லேசில் உடையாது. 1953-இல் வால்டர் லீவர் என்ற மருத்துவர்தான் இதைப் பெம்பிகஸ் என்ற இன்னொரு கொப்புள நோயிலிருந்து பிரித்துக் காட்டினார். அதுவரை இரண்டும் ஒரே பெயரில்தான் கிடந்தன. இது பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது. பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது.

ஆனால் அவர் இதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. அதே தாளின் மறுபக்கத்தில் வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று எழுதினார். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து இவற்றில் கோளாறு இருந்தால் தடிப்பே இல்லாமல் அரிக்கும், அவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. தொடுவதால் வரும் அலர்ஜிக்கு முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். வெயில் படாத இடுப்பிலும் பிட்டத்திலும் வருடக்கணக்கில் படர்ந்து நிற்கும் திட்டு என்றால், தோலில் மெதுவாக வளரும் ஒருவகை லிம்ஃபோமாவைச் சந்தேகிக்க வேண்டும். அது முதல் பயாப்சியில் பிடிபடாமல் இரண்டாவது, மூன்றாவதில் பிடிபடுவதும் உண்டு. "புற்றா?" என்று அப்பா கேட்டார். "பட்டியல்ல இருக்கு. உங்க தடிப்பு இடம் மாறுது, அதனால எனக்கு அது முதல்ல தோணல. ஆனா சதையை எடுத்துப் பார்க்கும்போது அதையும் பார்த்துடலாம்" என்றார். ஒன்பது மாதத்தில் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் மருத்துவர் அவர். மற்றவர்கள் எல்லோரும் என்னிடம்தான் பேசினார்கள்.

காத்திருக்கும் அறையில் ஓர் அம்மாவைச் சந்தித்தோம். கணுக்கால் புண்ணைச் சுற்றி ஒரு வருடமாகத் தடிப்பு. முதுகில் ஒட்டிய பட்டைகளை இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடி பார்த்ததில் தெரிந்தது, புண் ஆறுவதற்காகப் பூசிக்கொண்டிருந்த களிம்பில் இருந்த நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்தான் காரணம் என்று. "ஆறல, ஆறலன்னு இன்னும் கொஞ்சம் பூசினேன்" என்றார். அப்பா அவரிடம் கூட்டு மாத்திரைக் கதையைச் சொன்னார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பயாப்சி முதலாவதைப் போல இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதைச் சொல்லத்தான். இரண்டு துண்டு எடுத்தார். ஒன்று புதிதாகக் கிளம்பிய தடிப்பிலிருந்து. சொறிந்து புண்ணான இடத்தில் எடுத்தால் சொறிந்ததன் தடயம்தான் தெரியும் என்றார். இன்னொன்று தடிப்புக்கு ஓரமாக, பார்வைக்கு நன்றாக இருந்த தோலிலிருந்து. "நல்ல தோலை ஏன் எடுக்கறீங்க?" என்று அப்பா தகராறு செய்தார். அந்தத் துண்டு நேரடி இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்ற சோதனைக்கு. தோலின் பசை வரிசையில் எதிர்ப்புப் புரதம் படிந்திருந்தால் அது ஒளிரும். அந்தத் துண்டைச் சாதாரண ஃபார்மலினில் போட்டால் சோதனை வீண், தனித் திரவத்தில் அனுப்ப வேண்டும். எங்கள் முதல் பயாப்சியில் இந்தத் துண்டே எடுக்கப்படவில்லை. ஆகவே "ஒன்றும் இல்லை" என்று வந்ததற்கு உண்மையான பொருள் "தேடவில்லை" என்பதுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது காரணம் தெரியாத தடிப்பு மாதக்கணக்கில் நின்று, பயாப்சி ஒன்றும் சொல்லவில்லை என்றால், "இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கும் அனுப்பினீர்களா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். களிம்பை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு பூசிய தோல் தடயத்தை மறைத்துவிடக்கூடும்.

தையல் பிரிக்கப் போகிற அன்று காலை, தொடையின் உள்பக்கம் கண்ணாடி மணி போல ஒரு கொப்புளம். அப்பா எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார், ஏதோ பரிசு வாங்கி வந்த மாதிரி. நானும் தம்பியும் அதைப் படம் எடுத்தோம். ஒரு கொப்புளத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் வேறு இருக்காது. அன்று மாலையே அறிக்கையும் வந்தது: பசை வரிசையில் ஐஜிஜி, சி3 என்ற எதிர்ப்புச் சக்தியின் புரதங்கள் நேர்கோடாகப் படிந்திருந்தன. ரத்தத்தில் பிபி180-க்கு எதிரான புரதமும் இருந்தது.

மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. தோல் மருத்துவர் சர்க்கரை மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, கிளிப்டினை எடுத்துவிட்டு வேறு வகை மருந்து மாற்றினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அட்டையைக் குப்பையில் போட வேண்டாம். கிளிப்டின் சாப்பிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இப்படி எதுவும் வருவதில்லை. அதை நிறுத்தியதும் நோய் தானாக அடங்கிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அப்பாவுக்கும் தனியாகச் சிகிச்சை தேவைப்பட்டது.

க்ளோபிடசால் களிம்பைத் தடிப்பு உள்ள இடத்தில் மட்டும் பூசாமல் உடம்பு முழுக்கப் பூசச் சொன்னார். கடைக் களிம்பில் சூடுபட்ட எனக்குக் கை வரவில்லை. "அதே ஸ்டீராய்டுதானே, டாக்டர்?" "ஆமா. இப்போ எதுக்குப் பூசறோம், எவ்வளவு நாள், எப்படிக் குறைக்கணும்னு தெரியும்." 2002-இல் பிரான்ஸில் செய்த ஆய்வு, உடம்பு நிறையத் தடிப்பு உள்ளவர்களுக்கு வாய்வழி ஸ்டீராய்டைவிட இந்தப் பூச்சே நல்லது என்று காட்டியதாம். கூடவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை, நாளைக்கு 200 மில்லிகிராம். 2017-இல் வெளிவந்த பிரிட்டிஷ்-ஜெர்மன் ஆய்வின் கணக்கையும் சொன்னார். ஆறு வாரத்தில் கொப்புளம் கட்டுப்பட்டது டாக்சிசைக்ளினில் 100-க்கு 74 பேருக்கு, ப்ரெட்னிசலோன் என்ற வாய்வழி ஸ்டீராய்டில் 91 பேருக்கு. ஆனால் ஒரு வருடத்தில் தீவிரமான பக்கவிளைவு முதலாவதில் 18 பேருக்கு, இரண்டாவதில் 36 பேருக்கு. சர்க்கரை உள்ள 77 வயதுக்காரருக்கு எதைத் தேர்வது என்று அந்த எண்களை வைத்து அப்பாவே சொல்லிவிட்டார்.

டாக்சிசைக்ளினை முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கால்சியம், இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கும். வந்த சில கொப்புளங்களைச் செவிலியர் சுத்தமான ஊசியால் குத்தி நீரை மட்டும் வடித்தார், மேல்தோலை உரிக்கவில்லை. அதுவே கட்டுப்போல மூடிக்கொண்டது. காய்ச்சல், கண்ணிலோ வாயிலோ புண், தோல் உரிதல், உடம்பு முழுக்கச் சிவத்தல், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்று எழுதியே கொடுத்தார். நல்லவேளையாக அது எதற்கும் வேலை வரவில்லை.

மூன்றாவது வாரம் ஓர் இரவு எனக்கு விழிப்பு தட்டியது. ஏன் என்று புரியவில்லை. கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்த பிறகுதான் பிடிபட்டது. பக்கத்து அறையில் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

களிம்பைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப் பதினொரு மாதம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை திரும்பி வந்தது, இரண்டு வாரத்தில் அடங்கியது. முதுகில் கருந்திட்டுகள் இன்னும் இருக்கின்றன. தம்பி வரும்போதெல்லாம் படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கிறான். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. மருத்துவரைப் பார்க்கும் நாளில் பார்த்துத் தடிப்பு மறைந்துவிடும் என்பது எங்கள் ஒன்பது மாத அனுபவம். மருந்து நோட்டு அப்பாவின் பொறுப்பு. அதில் "சர்க்கரை மாத்திரை" என்ற சொல்லே கிடையாது. ஒவ்வொரு மாத்திரைக்கும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, மாற்றிய தேதி.

கணுக்காலில் மட்டும் இப்போதும் அவ்வப்போது அரிக்கிறது. போன வாரம் மருத்துவரிடம் காட்டினோம். முழுக்கால்சட்டையையும் கழற்றச் சொல்லி, விளக்கை அருகில் கொண்டுவந்து, நன்றாகப் பார்த்தார். வறட்சிதான் என்றார்.